வீட்டுக்குள் செருப்பு

அன்புள்ள சார்,

எனக்கு 63 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். சர்க்கரை வந்து இருபது வருடமாகிறது. இப்போதெல்லாம் பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. போன மாதம் மாடிப்படியில் விழுந்தேன். நரம்பு பாதிப்பு என்கிறார் டாக்டர். மகள் கைத்தடி வாங்கி வந்திருக்கிறாள். தடிக்குப் பழகிவிட்டால் காலில் இருக்கிற பலமும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? நண்பர் சொன்ன தைலத்தைத் தேய்த்து, தினமும் வெந்நீரில் கால் வைத்து வருகிறேன்.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

நான் மருத்துவன் அல்ல. ஆனால் சர்க்கரைக்காரர்கள் நிறைந்த குடும்பத்தில் வளர்ந்தவன். கொஞ்ச நாளாகவே கால்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த வெந்நீரை இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைக்க எப்படி மனம் வந்தது உங்களுக்கு? தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். தைலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வருடக்கணக்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும், அதற்கு மருந்தும் உண்டு.

முகம் கழுவும்போது ஏன் தள்ளாடுகிறது? கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி குறைந்துபோனதால் உங்கள் கண்தான் அதையும் பார்த்துக்கொள்கிறது. கண்ணை மூடினால் அதுவும் போச்சு. இருட்டிலும் அப்படித்தான். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் விளக்கு எரியட்டும், கரண்ட் பில்லைப் பார்க்காதீர்கள்.

சரி, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வீட்டுக்குள் வெறுங்காலோடுதானே நடக்கிறீர்கள்?

என் அத்தையும் அப்படித்தான் நடந்தார். ஒருநாள் சாயந்திரம், "யார் குங்குமத் தண்ணியைக் கொட்டினது?" என்று திட்டிக்கொண்டே ஈரத்துணியால் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கப் புதுச் சொட்டுகள். அவர் போகிற பக்கமெல்லாம் அவை பின்னாலேயே வந்தன. காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. எப்போது குத்தியதென்றே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறாமல் உள்ளே ஓடி, கடைசியில் அந்த விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் வீட்டில் செருப்புப் போட மாட்டேன் என்றார். பூஜை அறை இருக்கிற வீடாம்! இருபது வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே எல்லாரும் நம்பிய காலம். அப்படியில்லை, வலி தெரியாததால் படுகிற காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று காட்டினார் அவர். தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாத விரல்கள் அவை. அந்தக் கால்களுக்காக இங்கே பழக்கத்துக்கு வந்ததுதான் மெத்தென்ற எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு. இன்று அதையேதான் சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதித் தருகிறார்கள். "அது தொழுநோயாளி போடுகிற செருப்பாச்சே" என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்கள் விரல்களை இழந்து கற்றுத்தந்த பாடம் இது. அதைக் காலில் போட என்ன வெட்கம்?

எம்சிஆர் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கென்றே வாங்குங்கள். குதிகாலில் வார் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், கழன்று விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. போடுவதற்கு முன் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை மகள் பார்க்கட்டும், விரலிடுக்கு உட்பட. காலாணியை பிளேடால் சீவாதீர்கள். கோயிலுக்கு விடிகாலையில் போங்கள். கல் சுடுகிற நேரத்தில் பிரகாரம் சுற்றச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

தடியா? தாராளமாகப் பிடியுங்கள். தரை எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியாததைக் கைக்கு அது சொல்லும். தடியால் பலம் போகாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தால்தான் போகும்.

செருப்பு வாங்க மகளோடு சாயந்திரத்தில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கிற நேரம் அது. இறுக்கமாக இல்லை என்று நீங்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டிலேயே ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு எடுத்துப் போய், செருப்பை அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.