கன்டெய்னருக்குள் ஆன்வில் ஓடுகிறது, மெட்டாமாஸ்க் மட்டும் ஏன் இணையவில்லை?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து சாலிடிட்டி மொழியில் எத்தீரியம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுகிறோம். ஒருவரிடம் விண்டோஸ், இருவரிடம் மேக். ஃபவுண்ட்ரி (சாலிடிட்டிக்கான டூல்கிட்) ஆளுக்கொரு வெர்ஷனில் இருந்ததால், எல்லோருக்கும் ஒரே சூழலைக் கன்டெய்னரில் தரும் டாக்கருக்கு மாறினோம். ஃபவுண்ட்ரியின் லோக்கல் டெஸ்ட் செயினான ஆன்வில் ஓடுகிறது, 8545 போர்ட்டையும் திறந்துவிட்டோம், ஆனாலும் பிரவுசரில் மெட்டாமாஸ்க் வாலட் இணைய மறுக்கிறது. வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நாம் வேறு முகவரி சொல்லாவிட்டால் ஆன்வில் 127.0.0.1-இல் மட்டும்தான் கேட்கும். கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பை அல்ல. அதனால் ஹோஸ்ட் ஆப்ஷனில் 0.0.0.0 கொடுக்க வேண்டும். கொடுத்தும் வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். காரணம், ஃபவுண்ட்ரி இமேஜின் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) என்ட்ரிபாயின்ட், அதாவது முதலில் ஓடுவது, ஒரு ஷெல். முழுக் கட்டளையையும் ஒரே மேற்கோளுக்குள் போடாவிட்டால் அது முதல் சொல்லான ஆன்வில்லை மட்டும் ஓட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும், எரர்கூட வராது. டாக்கர் கம்போஸ் கோப்பில் என்ட்ரிபாயின்ட்டையே ஆன்வில் என்று மாற்றிவிட்டு ஆப்ஷன்களைத் தனியாகக் கொடுங்கள், தலைவலி தீரும். லாக்கில் 0.0.0.0:8545 தெரிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், போர்ட்டை வெறும் 8545:8545 என்று எழுதினால் அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் நோடுக்குள் வரலாம். முன்னால் 127.0.0.1 சேர்த்துவிடுங்கள். உள்ளே 0.0.0.0, வெளியே 127.0.0.1, அவ்வளவுதான். ஃபோர்ஜ் (ஃபவுண்ட்ரியின் பில்ட், டெஸ்ட் டூல்) வேறு கன்டெய்னரில் இருந்தால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் செல்லாது, கம்போஸ் கோப்பில் உள்ள ஆன்வில் சர்வீஸின் பெயரைப் போட வேண்டும். மெட்டாமாஸ்க்கில் செயின் ஐடி 31337 என்று கொடுங்கள்.

இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' டேக் வேண்டாம், அப்படி வைத்தால் டாக்கருக்கு மாறியதே வீண். குறிப்பிட்ட வெர்ஷனைப் போடுங்கள். கம்பைலர் வெர்ஷனையும் இவிஎம் (கான்ட்ராக்ட்டை ஓட்டும் எத்தீரியம் மெய்நிகர் இயந்திரம்) வெர்ஷனையும் ஃபவுண்ட்ரி கான்ஃபிக்கில் எழுதிவிடுங்கள். சாலிடிட்டி 0.8.20 முதல் ஷாங்காய் அல்லது அதற்குப் பிந்தைய இவிஎம் வெர்ஷன்தான் டிஃபால்ட், புஷ்0 என்ற ஆப்கோட் (இவிஎம் கட்டளை) வந்துவிடும், அதை ஏற்காத செயினில் டிப்ளாய் ஆகாது. ஆன்வில்லில் எல்லாம் பாஸ் ஆகியிருக்கும், அதுதான் கடுப்பு.

விண்டோஸ்காரர் கோட் கோப்புகளை சி டிரைவில் வைக்காமல் டபிள்யூஎஸ்எல் 2-இன் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) லினக்ஸ் பக்கம் வைக்கட்டும், பில்ட் வேகமாகும்.

பிரைவேட் கீ விஷயத்தில் மட்டும் நான் கறார். டாக்கர்ஃபைலில் காப்பி செய்த கீயை அடுத்த வரியிலேயே அழித்தாலும் இமேஜின் பழைய லேயரில் அது அப்படியே இருக்கும். ஃபவுண்ட்ரியின் காஸ்ட் டூலில் உள்ள வாலட் இம்போர்ட் மூலம் பாஸ்வேர்டு போட்ட கீஸ்டோர் கோப்பாக்கி, கன்டெய்னரை ஓட்டும்போது மவுன்ட் செய்யுங்கள். ஆன்வில் தரும் 10 அக்கவுன்ட்களின் கீ உலகத்துக்கே தெரியும், நிஜ ஈதர் அனுப்பினால் ஏதாவது பாட் (தானியங்கி புரோகிராம்) அள்ளிக்கொண்டு போய்விடும்.

கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தபின் நான்ஸ் (அக்கவுன்ட்டின் பரிவர்த்தனை வரிசை எண்) எரர் வந்தால் பதற வேண்டாம். செயின் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருக்கும், மெட்டாமாஸ்க் பழைய கணக்கிலேயே நிற்கும். அதன் செட்டிங்ஸில் ஆக்டிவிட்டி டேட்டாவைக் கிளியர் செய்தால் சரியாகிவிடும்.