சாவி திரும்பவில்லை, வாரண்டியும் இல்லை என்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: 28 மாதங்களுக்கு முன் வாங்கிய பெட்ரோல் கார், மேனுவல் கியர். 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. ஆறு மாதமாகச் சில நேரம் சாவி திரும்ப மறுக்கிறது. ஒருமுறை இரவில் ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். போன வாரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மீட்டர் விளக்குகள் எல்லாம் ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தன. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டினேன், ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். ‘இது தேய்மானம் சார், வாரண்டியில் வராது. லாக் செட் மாற்ற 7,800 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் சாவி ரிப்பேர் செய்பவர், துளை போட்டுக் கழற்றி வேறு லாக் மாட்டித் தர 2,500 ரூபாய் கேட்கிறார். அவரிடம் கொடுத்துவிடலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். எட்டு மாத வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த மீட்டர் விளக்கு சமாச்சாரம். கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதைப் படித்ததும் பகீர் என்றது. சாவி திரும்பாவிட்டால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இக்னிஷன் அணைந்து எரிவது அப்படி இல்லை.

சாவித் துவாரத்துக்குப் பின்னால் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது லாக், மெக்கானிக்குகள் பேரல் என்பார்கள். அதற்குள் எட்டுப் பத்து மெல்லிய பித்தளைத் தகடுகள் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வரும், அப்போதுதான் பேரல் சுற்றும். ஒரே ஒரு தகடு சிக்கினாலும் சாவி அசையாது. பேரலின் பின்முனையில் மாட்டியிருப்பது இக்னிஷன் சுவிட்ச். நீங்கள் சாவியைத் திருப்பும்போது ஏசிசி (ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும்), ஆன், ஸ்டார்ட் என்று மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது அதுதான். உங்கள் வண்டியில் சாவி திரும்பாதது பேரல் பக்கத்துக் கோளாறு. மீட்டர் அணைந்தது சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்ததாலோ, கப்ளர் (ஒயர் இணைப்பு) தளர்ந்ததாலோ, பேரல் லொடலொடத்துச் சாவி தானே நழுவியதாலோ இருக்கலாம். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். அதனால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் இது இரண்டாவது புகார். சர்வீஸ் சென்டரில் இதைத் தனியாகச் சொல்லவில்லை என்றால் அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் இக்னிஷன் சுவிட்சைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் குறிப்பிட்ட அளவைவிட வலுக்குறைவாக இருந்தது. குண்டும் குழியுமான சாலையில், கனமான சாவிக்கொத்தின் ஆட்டத்தில், ஆன் நிலையிலிருந்து ஏசிசி நிலைக்குச் சாவி நழுவியது. இன்ஜின் நின்றது, ஸ்டியரிங் கனத்தது, மோதியபோது ஏர்பேக்கும் விரியவில்லை. 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்தச் சுவிட்சைப் பிற்பாடு திருத்தி வலுவாக்கினார்கள், ஆனால் உதிரிபாக எண்ணை மாற்றவில்லை. காகிதத்தில் பழையதும் புதியதும் ஒன்றாகவே தெரிந்ததால், பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே தள்ளிப்போனது.

உங்கள் வண்டிக்கும் அதே கோளாறு என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும்வரை அது இல்லை என்றும் சொல்ல முடியாது. அதுவரை நான்குவழிச் சாலையில் ஓட்ட வேண்டாம். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, முருகன் படம் போட்ட வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கார் சாவியை மட்டும் மாட்டுங்கள். ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் சாவியை வெளியே எடுக்கவே கூடாது, லாக் நிலைக்கும் திருப்பக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்துங்கள். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பெடல் கல்லாக இறுகும். ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, கனத்த ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

இனி, சாவி திரும்பாத பிரச்சினை. சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். முதலாவது ஸ்டியரிங். முன்சக்கரம் திரும்பிய நிலையிலோ நடைபாதைக் கல்லை ஒட்டியோ நிறுத்தியிருந்தால் ஸ்டியரிங் பூட்டின் மீது இழுவிசை ஏறி, சாவியை இறுக்கிப் பிடிக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விட்டுவிடும். இது பழுதே இல்லை. இரண்டாவது, இதுவரை தொடாமல் பீரோவில் வைத்திருக்கும் ஸ்பேர் சாவி. ஒரு வாரம் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். அதில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்றால் தேய்ந்தது சாவி, லாக் அல்ல. தேய்ந்த சாவியை வைத்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வண்டி வாங்கியபோது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகட்டில் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணைக் கொடுத்து கம்பெனி மூலமாகவே புதுச் சாவி வெட்டி வாங்க வேண்டும். ஸ்பேர் சாவியும் சிக்கினால், கோளாறு லாக்கில்தான்.

சாவி சுலபமாகத் திரும்பி, செல்ஃபும் அடித்து, இன்ஜின் பிடித்த உடனே அணைந்துவிட்டால் அது வேறு கணக்கு. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள், அது இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் சாவி வெளியே வரவில்லை என்று பதறுவார்கள். பாதி நேரம் கியர் பி (பார்க்கிங்) நிலையில் முழுசாக உட்கார்ந்திருக்காது.

லாக்குக்குள் தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ விடாதீர்கள். கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி போகும். பிறகு நம் ஊர்த் தூசியைப் பிடித்துக் களிம்பாகி, முன்பைவிட மோசமாகும். பூட்டு வேலை தெரிந்தவர்கள் கிராஃபைட் தூள் போன்ற உலர்ந்த பொருளைத்தான் போடுவார்கள். நீங்களாக எதையும் போடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாளைக்கு ‘வெளியாள் கை வைத்திருக்கிறார்’ என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

தேய்மானம் என்ற பதிலுக்கு வருவோம். வாரண்டி கையேட்டில் எவையெல்லாம் வராது என்று ஒரு பட்டியல் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச் தகடு, வைப்பர் ரப்பர், ஃபில்டர், பல்பு போன்றவைதான் வழக்கமாக அதில் இருப்பவை, ஓட ஓடத் தேய்ந்துபோகும் என்று தெரிந்தே போட்டவை. இக்னிஷன் லாக் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உட்கார்ந்து படியுங்கள். இல்லையென்றால், ‘எந்தப் பக்கத்தில், எந்த வரியின்படி மறுக்கிறீர்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை ஸ்டார்ட் செய்தாலும் 28 மாதத்தில் ஏறக்குறைய 5,000 தடவைதான் சாவி திரும்பியிருக்கும். பதினைந்து வருடம் ஓடிய வண்டிகள் கம்பெனி லாக்கோடு என் பட்டறைக்கு வருகின்றன. வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டிய பாகம் இது.

ஆனால் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். சாவியால் டப்பா மூடியை நெம்பி வளைத்தது, கன்சோலில் வைத்த குளிர்பானம் லாக்கில் கொட்டியது, வெளியே நகல் வெட்டிய சாவி, இக்னிஷன் ஒயரை வெட்டி மாட்டிய சென்ட்ரல் லாக் அல்லது அலாரம் ஆகியவை இருந்தால் அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. அந்த அலாரத்தை ஷோரூமே மாட்டிக் கொடுத்திருந்தால் அதன் பில்லைத் தேடி எடுங்கள். யாராவது வண்டியைத் திருட முயன்று லாக்கை நெம்பியிருந்தால், அது இன்சூரன்ஸில் கேட்க வேண்டியது.

இந்த மாதிரி வழக்குகளில் வாடிக்கையாளர் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். புகார் வாயளவில் நின்றுவிடுகிறது. இரண்டு முறை போனேன் என்கிறீர்கள். இரண்டு முறையும் ஜாப் கார்டில் (புகாரைப் பதியும் சீட்டில்) என்ன எழுதினார்கள்? ‘ஜெனரல் செக்கப்’ என்று இருந்தால், இன்றைய தேதிக்கு உங்கள் வண்டியில் லாக் பழுது வந்ததற்கு ஆதாரமே கிடையாது. என் சொந்த வண்டியில் பல வருடம் முன்பு பவர் ஸ்டியரிங் இப்படி விட்டு விட்டு மக்கர் செய்தது. நான்கு முறை கொண்டுபோனேன், ஒவ்வொரு முறையும் ‘இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று அனுப்பினார்கள். வாரண்டி முடிந்த அடுத்த மாதம் மொத்தமாகப் போனது. முதல் புகாரின் தேதி எங்கும் எழுதப்படாததால் முழுப் பணமும் நான்தான் கட்டினேன். தொழில் தெரிந்த எனக்கே அந்தக் கதி.

ஆகவே அடுத்த முறை சாவி சிக்கும்போது பதறாமல் செல்போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். சாவியும் கையும் தெரியட்டும். பிறகு திரும்பியதும் கி.மீ. கணக்கைக் காட்டுங்கள். வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடும்போது சாவியை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். மீட்டர் மினுக்கினால் அதுவும் வீடியோவில் வரட்டும். சர்வீஸ் அட்வைசர் எதிரில் உட்கார்ந்து, ஜாப் கார்டில் இரண்டு புகாரையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்: ‘சாவி விட்டு விட்டுத் திரும்ப மறுக்கிறது’, ‘ஓடும்போது இக்னிஷன் விட்டுப்போகிறது’. முன்பு ஸ்ப்ரே அடித்ததையும் எழுதச் சொல்லுங்கள், கோளாறு இருந்ததை அவர்களே பார்த்ததற்கு அது சாட்சி. தேவையானால் ஒரு நாள் வண்டியை அங்கேயே விடுங்கள். ஜாப் கார்டு நகல் வாங்காமல் கிளம்ப வேண்டாம். அன்று மாலையே, சேசிஸ் எண், கி.மீ., தேதி, வீடியோ எல்லாம் சேர்த்து சர்வீஸ் மேனேஜருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். வாரண்டி தருவது தயாரிப்பாளர், டீலர் அதைச் செய்து கொடுப்பவர். டீலர் மறுத்ததோடு கதை முடிவதில்லை. இந்தக் கட்டத்திலேயே கணிசமான புகார்கள் தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு, உங்கள் வண்டிக்குத் திரும்ப அழைப்பு (ரீகால்) ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வாரண்டிப் பேச்சே தேவையில்லை, இலவசமாகவே மாற்றித் தருவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிட அது இடம் தருகிறது.

மின்னஞ்சலுக்கும் அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. காருக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்போவது ஜாப் கார்டைத்தான்.

வெளியே வேலை பார்த்தால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்று மிரட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான உத்தரவில், அப்படி ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளிவேலையால் கெட்ட பகுதிக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொன்னது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வாதம் கைகொடுக்காது. துளை போடப்போவது எந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்கிறீர்களோ அதே பாகத்தில். துளைத்த லாக்கைக் காட்டிக் குறையை நிரூபிக்க முடியாது. மேலும் ஸ்டியரிங் கவருக்குள் ஏர்பேக் ஒயர் போகிறது, பேரலைச் சுற்றி இம்மொபிலைசரின் கம்பிச்சுருள் இருக்கிறது. வாரண்டி முடிந்த பழைய வண்டி என்றால் நல்ல சாவிக்காரரிடம் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்களில் கைதேர்ந்தவர்கள் பலர் உண்டு.

வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டால், இக்னிஷனுக்கு மட்டும் மாற்றுகிறார்களா, கதவுகளும் சேர்ந்த முழு செட்டா என்று கேளுங்கள். இக்னிஷன் மட்டும் என்றால் கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி என்று இரண்டு சுமக்க வேண்டிவரும். இம்மொபிலைசரில் பதிவதற்கு உங்களிடம் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். பில் தொகை பூஜ்யம் என்றாலும் பில் வேண்டும், அதில் மாற்றிய பாகத்தின் எண் இருக்க வேண்டும். புதுச் சாவியின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளை. நடுவில் லாக் மாறியதற்குத் தாள் இல்லையென்றால், உங்கள் சாவிகள் வண்டியோடு வந்தவை அல்ல என்று அங்கே ஒரு புதுச் சிக்கல் தொடங்கும். பில்லை ஆர்.சி. புத்தகத்தின் நகலோடு சேர்த்து வீட்டில் வையுங்கள், காரின் டேஷ்போர்டில் வேண்டாம்.