கேட்ட புத்தகங்களுக்கு ஒரு குறிப்பேடு: வாசகர் கேள்வி – பதில்

ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், கேட்டவற்றைக் குறித்து வைப்பது பற்றியவை இந்த முறை இடம்பெறுகின்றன. சாகசக் கதையும் கிறிஸ்தவ நூல்களும் மாறி மாறிக் கேட்பவர்களே அதிகம் எழுதியிருந்ததால், உதாரணங்களும் அங்கிருந்தே.

கே: கேட்டு முடித்த புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி என்று மூன்று கட்டங்கள். இது போதுமா?

ப: அச்சுப் புத்தகத்துக்குப் போதும். ஒலிப்புத்தகத்துக்குப் போதாது. ஒரே தலைப்பில் பல பதிவுகள் இருக்கின்றன. நீங்கள் கேட்டது அவற்றில் ஒன்றை மட்டும்தான். எனவே நோட்டில் ஏற வேண்டியது அந்தப் பதிவின் விவரம்: வாசித்தவர் பெயர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர், முழுப் பதிப்பா சுருக்கமா, மொத்த நேரம், எங்கிருந்து கிடைத்தது.

மொழிபெயர்த்தவர் பெயர் எதற்கு என்று தோன்றலாம். ஜூல் வெர்னின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் கதையை ('கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்') எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு 1870களில் மெர்சியர் செய்தது. மூலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்; அறிவியல் விவரங்களிலும் பிழைகள். காப்புரிமை தீர்ந்துவிட்டதால் இலவசப் பதிவுகளில் இந்த மொழிபெயர்ப்பு நிறையப் புழங்குகிறது. பதிவின் பக்கத்தில் 'முழுமையானது' என்று இருக்கும். அது பொய்யில்லை, மெர்சியரை முழுமையாக வாசித்திருக்கிறார்கள். 'வெர்ன் சலிப்பாக இருந்தார்' என்று நோட்டில் தீர்ப்பு எழுதும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு. நிதானமான ஆங்கில வாசிப்பு நிமிடத்துக்கு 150 சொல், மணிக்கு 9,000. ஒரு லட்சம் சொல் உள்ள நாவல் 11 மணி நேரம் ஓடும். டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' 117 அத்தியாயம். முழுப் பதிவு 45 மணி நேரத்தைத் தாண்டும். பத்து மணி நேரத்தில் முடிகிறது என்றால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது சுருக்கம்தான்.

பனியனின் 'மோட்சப் பிரயாணம்' இன்னொரு வகைச் சிக்கல். முதல் பாகம் 1678இல் வந்தது, இரண்டாம் பாகம் 1684இல். பல பதிவுகள் முதல் பாகத்தோடு நின்றுவிடும். கதாநாயகன் கிறிஸ்தியான் மோட்ச நகரத்தை அடைந்ததும் முடிந்தால் நீங்கள் கேட்டது பாதிக் கதை. மனைவி கிறிஸ்தியானாளும் பிள்ளைகளும் அதே வழியில் போவது இரண்டாம் பாகம். நோட்டில் 'பாகம் 1' என்று ஒரு சொல் சேர்த்தால், பின்னால் குழப்பம் வராது.

கே: 'ராபின்சன் குரூசோ'வை சாகசம் என்று எழுதுவதா, கிறிஸ்தவ நூல் என்று எழுதுவதா?

ப: முழுப் பதிவைக் கேட்டவரா, சுருக்கத்தைக் கேட்டவரா என்பதைப் பொறுத்தது! சிறுவர் சுருக்கங்கள் கப்பல் உடைவு, ஆடு, குடை, மணலில் காலடி என்று ஓடிவிடும். 1719இல் டிஃபோ எழுதியது அப்படி இல்லை. குரூசோவுக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது. மருந்தாகப் புகையிலை தேடிப் பெட்டியைத் திறக்கிறான். அதில் வேதாகமம் கிடக்கிறது. புரட்டினால் 50ஆம் சங்கீதம்: 'ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு'. அங்கிருந்து கதையின் போக்கே மாறுகிறது. மனம் திரும்புதலும், தீவில் துணையாகச் சேரும் 'வெள்ளிக்கிழமை' (ஃபிரைடே) என்பவனோடு அவன் நடத்தும் இறையியல் பேச்சும் நீளமானவை. சுருக்குபவர்கள் முதலில் கை வைப்பது இந்த இடங்களில்தான்.

ஆகவே வகைக்கு ஒரே கட்டம் வைக்காதீர்கள். இரண்டு அடையாளம் போட இடம் விடுங்கள். லூ வாலஸ் 1880இல் எழுதிய 'பென்ஹர்' அப்படித்தான். தேரோட்டப் பந்தயத்துக்காக அதை எடுப்பவர்கள் முதல் பாகம் முழுக்க ஞானிகளின் பயணத்தையும் பெத்லகேமையும் கேட்டுவிட்டு, தவறான கோப்பைத் திறந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுவார்கள். கதாநாயகன் வருவதே இரண்டாம் பாகத்தில்தான். 'மோட்சப் பிரயாண'மும் கட்டமைப்பில் சாகசக் கதையே: வழி, சேறு, அரக்கன், சிறை, தப்பித்தல். சாகசத்திலிருந்து கிறிஸ்தவ நூல்களுக்கு வர நினைப்பவர்களுக்கு இந்த மூன்றும் சரியான படிக்கட்டுகள். நேரே இறையியல் கட்டுரையில் குதித்தால் இரண்டாம் நாளே நின்றுவிடும்.

கே: நண்பருக்கு ஒரு பகுதியைச் சொல்ல 'ஏழாம் அத்தியாயம்' என்று எழுதினேன். அவருடைய பதிவில் ஏழாம் அத்தியாயத்தில் வேறு ஏதோ இருக்கிறதாம்.

ப: 'குரூசோ' முதல் பதிப்பிலும் 'மோட்சப் பிரயாண'த்திலும் அத்தியாயப் பிரிவே கிடையாது. பின்னால் வந்த பதிப்பாளர்கள் அவரவர் விருப்பப்படி வெட்டினார்கள். வாசிப்பவர்களும் அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அத்தியாய எண்ணை நம்பாமல் மூன்றை எழுதுங்கள்: கோப்பு எண், நிமிடம், அந்த இடத்தில் வரும் ஐந்தாறு சொற்கள். உதாரணமாக '09, 14:20' என்று போட்டு, பக்கத்தில் காதில் விழுந்த சொற்கள். பழைய நூல் என்றால் அதன் எழுத்துப் பிரதி குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் பெரும்பாலும் இருக்கும். அந்தச் சொற்களைத் தேடினால் இடம் சிக்கிவிடும். மூன்று சொல் போதாது, பல இடங்களில் வந்து நிற்கும். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் அதே மொழிபெயர்ப்பின் பிரதியில் தேட வேண்டும்.

கே: 'புதையல் தீவு' பாதியில் குழம்பிவிட்டது. கதை சொல்லும் சிறுவன் ஜிம், தான் இல்லாத இடத்தைப் பற்றி எப்படிச் சொல்கிறான்?

ப: சொல்வது ஜிம் இல்லை. மொத்தம் 34 அத்தியாயங்களில் 16, 17, 18 மூன்றையும் டாக்டர் லிவ்சி சொல்கிறார். 19இல் ஜிம் திரும்பி வருகிறான். அச்சில் இது அத்தியாயத் தலைப்பில் கண்ணில் படும். ஒலியில் தலைப்பு இரண்டு நொடியில் கடந்துபோகிறது, ஒருவரே வாசிப்பதால் குரலும் மாறுவதில்லை. சொல்பவர் மாறும் கதைகளுக்கு 'யார் சொல்கிறார்' என்று நோட்டில் ஒரு வரி வைத்தால், நிறுத்தி நிறுத்திக் கேட்டாலும் பிடி நழுவாது. 15ஆம் அத்தியாய முடிவிலிருந்து மறுபடி கேளுங்கள்.

கே: எந்த வேகத்தில் கேட்பது நல்லது? வேகத்தையும் குறிக்க வேண்டுமா?

ப: குறியுங்கள். பத்து மணி நேரப் பதிவு 1.25 வேகத்தில் 8 மணி நேரம், 1.5 வேகத்தில் 6 மணி 40 நிமிடம். மொத்த நேரத்தையும் வேகத்தையும் எழுதிவிட்டால் செலவான நேரத்தைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

சாகசக் கதை 1.25ஐத் தாங்கும். தியான நூல்கள் தாங்காது, காரணம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வாசிப்பவர் விடும் மௌனம் அங்கே வேலை செய்கிறது. சில செயலிகளில் 'மௌனத்தைத் தாண்டு' என்று ஒரு வசதி உண்டு. வேதாகமச் சங்கீதத்துக்கு அதைப் போட்டால் ஒரு வரியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒட்டிக்கொண்டு, செய்தி வாசிப்பு போல ஆகிவிடும். அதைக் கண்டிப்பாக அணைத்து வையுங்கள். பின்னணி இசையோடு நாடகமாக்கிய வேதாகமப் பதிவுகளையும் 1.0 தாண்டிக் கேட்காதீர்கள், இசை சிதறும்.

தாமஸ் ஆ கெம்பிஸின் தியான நூலான 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' நான்கு புத்தகங்களில் 114 சிறு அத்தியாயங்கள். அதை நாளுக்கு ஒன்று, 1.0 வேகத்தில், ஒரே அத்தியாயத்தை இரண்டு முறை என்று கேட்பவர்களுக்குத்தான் அது தங்குகிறது. பத்து அத்தியாயத்தை ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒரே அறிவுரை போல ஒலிக்கும்.

கே: கோப்புகள் 1, 10, 11, 2 என்று வரிசை மாறி ஓடுகின்றன. விட்ட இடமும் நினைவில் நிற்பதில்லை.

ப: இரண்டும் வேறு வேறு நோய்கள். வரிசை: கோப்புப் பெயரில் எண்ணுக்கு முன் சுழியம் சேருங்கள், 01, 02 என்று. நூறு தாண்டும் நூலுக்கு 001. அப்படியும் மாறினால் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரக் குறிப்பில் (டேக்) டிராக் எண் தவறு. டேக் திருத்தும் மென்பொருளில் அதையும் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பல செயலிகள் பெயரைப் பார்ப்பதே இல்லை.

விட்ட இடம்: பாட்டுக்கான செயலியில் போடுகிறீர்கள். ஒலிப்புத்தகத்துக்கென்றே இருக்கும் செயலிக்கு மாறுங்கள், ஒரு நூலுக்கு ஒரு ஃபோல்டர். எம்4பி வடிவில் கிடைத்தால் இன்னும் வசதி. முழு நூலும் ஒரே கோப்பு, அத்தியாயக் குறிகள் உள்ளேயே இருக்கும்.

நிமிடக் கணக்கு தவறாகக் காட்டினாலோ, 14:20க்குத் தாவினால் வேறு இடத்தில் விழுந்தாலோ, அது பெரும்பாலும் பிட் வீதம் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3. நிலையான வீதம் உள்ள கோப்பை இறக்குங்கள். பேச்சுக்கு 64 கிலோபிட் போதும். மணிக்கு சுமார் 29 எம்பி. 128 கிலோபிட் இடத்தை இரட்டிப்பாக்கும், ஒரே குரலுக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

கே: லிப்ரிவாக்ஸ் பதிவுகளில் ஓர் அத்தியாயம் உரக்க, அடுத்தது முணுமுணுப்பு. ஏன்?

ப: 2005இல் தொடங்கிய அந்த இலவச ஒலிப்புத்தகத் திட்டம் தன்னார்வலர்களுடையது. பலர் சேர்ந்து வாசித்த பதிவில் மைக்கும் அறையும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். 'தனி வாசிப்பு' என்று தேடினால் பாதிப் பிரச்சினை தீரும். புகழ்பெற்ற நூல்களுக்கு இரண்டு மூன்று வாசிப்புகள் இருக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதன் ஒலி அளவை எம்பி3கெயின் என்ற மென்பொருள் சமப்படுத்தும். மறுபடி என்கோட் செய்யாததால் தரம் குறையாது, 1.5 டெசிபல் படிகளாகத்தான் மாற்ற முடியும், அது போதும்.

முணுமுணுப்பு அத்தியாயத்துக்காக ஒலியைக் கூட்டிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் குறைக்க மறப்பதுதான் காதுக்குக் கெடுதல். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

கே: கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன். எங்கே விட்டேன் என்று தேடியே பாதி நேரம் போகிறது.

ப: செயலி தானாக நிற்கும் ஸ்லீப் டைமரை 20 நிமிடத்துக்கு வையுங்கள், போடும்போது காட்டும் நிமிடத்தை நோட்டில் குறியுங்கள். மறுநாள் அதிலிருந்து பத்தாவது நிமிடத்துக்குத் தாவுங்கள். நினைவிருந்தால் முன்னால் ஐந்து, இல்லையென்றால் பின்னால் ஐந்து, பிறகு இரண்டரை. மூன்று தாவலில் இடம் கிடைக்கும். தூங்குவதற்கு முன் புதிய நூலைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே கேட்டதை மறுமுறை கேட்க உகந்த நேரம் அது.

கே: காதால் கேட்டதை 'படித்தேன்' என்று எழுதலாமா?

ப: தாராளமாக.

கே: ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் கேட்டு முடிக்க எப்படித் திட்டமிடுவது?

ப: 66 நூல்கள் உள்ள பதிப்பில் 1,189 அதிகாரம். வார நாள்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1,196, ஏழு அதிகாரம் கைவசம் மிச்சம். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், அதற்கேற்பக் கூட்ட வேண்டும். முழுப் பதிவு வாசிப்பவரைப் பொறுத்து 70 முதல் 90 மணி நேரம், ஆக நாளுக்கு 12 முதல் 15 நிமிடம்.

ஆனால் அதிகாரங்கள் சம நீளம் இல்லை. 119ஆம் சங்கீதத்தில் மட்டும் 176 வசனம். அன்று அதை மட்டும் கேளுங்கள், அல்லது எட்டெட்டு வசனமாக இருக்கும் 22 பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பலர் விழும் இடம் ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரம்: பெயர் பெயராக வம்ச வரலாறு. காது அதைப் பிடிக்காது. அந்தப் பகுதிக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கண்ணால் தொடருங்கள். விட்ட நாள்களை ஒரே நாளில் ஈடுகட்டவும் முயல வேண்டாம். குறிப்பேட்டில் தேதியை எடுத்துவிட்டு அதிகார எண்ணை மட்டும் வைத்தால் அந்த நெருக்கடியே வராது.

கே: அகுஸ்தீனாரின் 'கன்ஃபெஷன்ஸ்' ஒன்பதாம் புத்தகத்துக்குப் பிறகு ஓடவில்லை. விட்டதையும் குறிப்பேட்டில் எழுதுவதா?

ப: அவசியம் எழுதுங்கள், காரணத்தோடு. பதின்மூன்று புத்தகங்களில் முதல் ஒன்பதுதான் வாழ்க்கைக் கதை. பத்தாவது நினைவைப் பற்றி, பதினொன்று காலத்தைப் பற்றி, கடைசி இரண்டும் ஆதியாகமத் தொடக்கத்துக்கு விளக்கம். நீங்கள் நின்ற இடம் நூலே திசை மாறும் இடம். 'புத். 9 முடிவு, மீதி தத்துவம், கையில் பிரதியோடு தொடரலாம்' என்று எழுதினால் பிறகு பயன்படும். பியூசியின் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்தால், அதன் பழைய ஆங்கிலமும் களைப்புக்கு ஒரு காரணம். வேறு மொழிபெயர்ப்பில் பத்தாவதை ஒருமுறை முயலுங்கள்.

மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தால், நூலுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. ஒரே எண்ணில் இரண்டையும் அடைத்தால், நல்ல நூலை மோசமான வாசிப்புக்காகத் தள்ளிவிடுவீர்கள். நல்ல குரல் சுமாரான கதையைத் தூக்கி நிறுத்துவதும் உண்டு. அந்தக் குரலின் பெயரை வைத்து அடுத்த நூலைத் தேடலாம்.

கே: கிறிஸ்தவ எழுத்தாளர்களில் செஸ்டர்டன் இலவசமாகக் கிடைக்கிறார், சி. எஸ். லூயிஸ் ஏன் கிடைப்பதில்லை?

ப: செஸ்டர்டன் இறந்தது 1936, லூயிஸ் 1963. ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கும் நாடுகளில் லூயிஸின் நூல்கள் 2033 முடியும் வரை காப்புரிமையில் இருக்கும். லிப்ரிவாக்ஸ் பின்பற்றும் அமெரிக்கச் சட்டம் அவர் காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டைக் கணக்கிடுகிறது. மூல நூல் பொதுவுடைமை ஆனாலும் புதிய மொழிபெயர்ப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் தமிழ்க் காவியம் 'இரட்சணிய யாத்திரிகம்' உரிமை தீர்ந்த நூல். யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். பிறர் பாடி வெளியிட்ட பதிவை நகலெடுக்கத்தான் கூடாது.

கே: நோட்டா, கணினியில் ஷீட்டா?

ப: நிமிடங்களைக் கூட்ட, வாசிப்பவர் பெயரால் வரிசைப்படுத்த ஷீட். நடக்கும்போது கேட்பவர் என்றால் இரண்டும் உதவாது. செல்பேசியில் குரல் குறிப்பாகக் கோப்பு எண்ணும் நிமிடமும் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை எடுத்தெழுதுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் அந்த எண் எந்த நூலுடையது என்பதே மறந்துபோகும். அதனால் நூலின் பெயரையும் முதலில் சொல்லிவிடுங்கள்.