ரீச்சரிடம் கேளுங்கள்: கொப்பி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது?

கேள்வி: என் மகள் இந்த வருடம்தான் தரம் 1 சேர்ந்தாள். கொப்பியைத் திறந்தால் நாலு கோடும் வட்டமும்தான். என்ன படித்தாய் என்றால் சிப்பி எண்ணினோம், பாட்டுப் பாடினோம் என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்பள்ளியிலேயே அ முதல் ஃ வரை எழுதுகிறது. ரியூசனுக்கு அனுப்பட்டுமா ரீச்சர்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. உங்கள் பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

1999 இல் ஆரம்பக் கல்வி மறுசீரமைப்பு இலங்கை முழுவதும் வந்தபோது நான் தரம் 1 எடுத்துக்கொண்டிருந்தேன். அதன்படி தரம் 1, 2 இல் விளையாட்டும் செயற்பாடும் கூட, எழுத்துவேலை குறைவு. தரம் 5 இல் எழுத்துவேலைதான் கூட. மறுசீரமைப்புக்கு முன்பு நானும் பக்கம் பக்கமாக எழுத வைத்தவள்தான். விரல் நோகுது என்று அழுத பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை. மணிக்கட்டின் சின்ன எலும்புகள்கூட ஐந்து வயதில் முழுதாக உருவாகி முடிவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சிப்பி எண்ணுவதற்கு வருகிறேன். ஒரு நாள் ஏழு சிப்பியை நெருக்கி வைத்தேன். ஒரு சின்னவன் தொட்டுத் தொட்டு எண்ணி, "ஏழு" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அதே சிப்பிகளை அகட்டி வைத்து, "இப்ப?" என்றேன். "கூடிட்டு ரீச்சர்!" திரும்ப எண்ணினான், ஏழுதான். என்னையும் சிப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த தவணையில் அதையே செய்தபோது அவன் எண்ணவே இல்லை. "நீங்க தள்ளித்தானே வச்சீங்க, ஏழுதான்" என்றான். கணிதத்தில் அவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் பாருங்கள்! கொப்பியில் அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது.

எழுத்தும் அப்படித்தான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் 'அ' எழுதுகிறோம், அது நம் வழக்கம், நல்லது. ஆனால் கைக்கு 'அ' கஷ்டமான எழுத்து, எத்தனை வளைவு! 'ட'வும் 'ப'வும் நேர்கோடுகள். ஆகவே நான் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். அந்த மூன்றும் புள்ளியும் பிடிபட்டால் படம், பட்டம், மட்டம் எல்லாம் பிள்ளை தானாக வாசிக்கும். அவள் கொப்பியிலுள்ள கோடும் வட்டமும் இதற்கான ஆயத்தம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஈர மணலில் விரலால் எழுத விடுங்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான்கள் நின்றால் எத்தனை மான், எத்தனை கால் என்று கேளுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்து எது கூடச் சூடு, எது குறைவு என்று அவளே சொல்லட்டும். ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் தரம் 1 கணிதம்தான். அப்புறம், இரவில் ஒரு கதை. பாதியில் நிறுத்தி, "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புத்தகத்தைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்தாலோ, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, வகுப்பு ரீச்சரிடம் சொல்லிவிட்டு கண்ணையும் காதையும் டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பேரன் இடக்கையால் எழுதுகிறான். அடித்துத் திருத்தச் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு தாத்தா, மூதூர்

பதில்: ஐயா, தயவுசெய்து கை வைக்காதீர்கள். அது பிழையே இல்லை, திருத்தவும் ஒன்றுமில்லை. கொப்பியின் மேல்பக்கம் சற்று வலப்புறம் சாய்ந்திருக்கட்டும். பென்சிலைக் கூர் முனையிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள், எழுதியது கைக்குள் மறையாது. வகுப்பில் வாங்கின் இடது ஓரத்தில் இருத்தச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.