மறுபரிசோதனை நாள் வரை பொறுக்க வேண்டாம்

அம்மா, 14 வயது மகனுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஏற்காடு வந்தபின், உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது, கட்டும் தண்ணீராய் நனைகிறது, அடுத்த வாரம் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இன்றே கிளம்புங்கள்.

இது தண்டுவட நீர்க்கசிவாக, அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் வெளியே கசிவதாக இருக்கலாம். தண்டுவட உறையில் சின்னத் துளை இருந்தாலும் நீர் கசியும். அந்த வழியாகவே கிருமி உள்ளே போகும் என்பதுதான் என் பெரிய கவலை. காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தில் கண்கூச்சம், குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் உடனே 108.

சிகிச்சை உண்டு, பயப்படாதீர்கள். சிலருக்குப் படுக்கை ஓய்வும் காயத்தில் கூடுதல் தையலுமே போதும். கசிவு நிற்காவிட்டால் இடுப்புப் பகுதியில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் நீரை வடிப்பார்கள். அப்போதுதான் துளை ஆற நேரம் கிடைக்கும். குழாயை வைத்துக்கொண்டு பையன் தானாக எழவே கூடாது, இளம் பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம். குழாய் வைத்தும் கசிவு அடங்காவிட்டால் மறுபடி திறந்து உறையை அடைப்பார்கள்.

கட்டைப் பிரிக்காதீர்கள், மஞ்சளோ பவுடரோ போடாதீர்கள். நனைந்தால் மேலேயே சுத்தமான பஞ்சுத்துணி வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், படுக்க வைத்தே கூட்டிப் போங்கள். அறுவை செய்த மருத்துவருக்கு இப்போதே போன் போடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும்.