ஆழம் குறைந்த துளை, அதிகப் பழைய பனி

கேள்வி: ஐயா, அந்தாட்டிக்காவில் மிகப் பழைய பனிக்கட்டியைத் துளைத்தெடுக்க இடம் தேடுவதற்கே பல ஆண்டுகள் செலவிட்டார்களாமே? பனி எங்கே மிகத் தடிப்போ அங்கே துளைத்தால் போதாதா?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: போதாது, மகள். பூமிக்குள்ளிருந்து வெப்பம் ஓயாமல் மேலேறிக்கொண்டிருக்கிறது. பனி அளவுக்கு மீறித் தடித்திருந்தால் அது குளிரை அடிவரை இறங்க விடாது. அடியில் தங்கும் வெப்பத்தில் பனி உருகிவிடும். நாம் தேடும் மிகப் பழைய பனியோ அந்த அடியில்தான் கிடக்கிறது!

அந்தாட்டிக்காவிலுள்ள ரஷ்ய ஆய்வு நிலையமான வொஸ்டொக்கில் 1998இல் 3,600 மீற்றருக்கும் கீழே போயும், சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளின் காலநிலையைத்தான் வாசிக்க முடிந்தது. அதனால் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ராடார் அலைகளைப் பனிக்குள் செலுத்தி, படைகள் குலையாமலும் அடி உருகாமலும் இருக்கும் இடத்தைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் ‘லிட்டில் டோம் சி’. 2025 ஜனவரியில் 2,800 மீற்றரிலேயே பாறையைத் தொட்டார்கள். கிடைத்த பனியின் வயது 12 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல். இடம் தேடிய ஆண்டுகளை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

துளைக்கும் வேலைக்கும் முன்னேற்பாடு பெரிது. எழுவான்கரை மணலில் கிணறு தோண்டும்போது சரியாமல் இருக்கச் சிமெந்து வளையம் இறக்குகிறோம் அல்லவா? ஆழத்துப் பனியும் அழுத்தத்தால் மெல்ல நகர்ந்து துளையை மூடிவிடும். வளையத்துக்குப் பதிலாக, உறையாத, பனியின் அடர்த்திக்குக் கிட்டிய திரவத்தை நிரப்புகிறார்கள். வடத்தில் தொங்கும் துளைகருவி ஒரு தடவைக்குச் சில மீற்றர் பனியைத்தான் கொண்டுவரும். ஒவ்வொரு தடவையும் மேலே இழுத்து, மறுபடி இறக்க வேண்டும். கோடையிலும் அங்கே சராசரி வெப்பநிலை மறை 35 பாகை.

இத்தனை பாடும் எதற்கு? பனிக்குள் அக்காலத்துக் காற்றே குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. லிட்டில் டோம் சிக்கு அருகே, டோம் சி என்ற இடத்தில் முன்பு துளைத்தெடுத்த பனி காட்டிய 8 இலட்சம் ஆண்டுகளில் காபனீரொட்சைட்டு, பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 300ஐத் தாண்டவே இல்லை. இன்று 420க்கு மேல். இன்னொரு புதிரும் உண்டு. முன்பு ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த பனியுகங்கள், 12 முதல் 9 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக்கு ஒருமுறை வரும்படி மாறின. ஏன் மாறின என்பதற்கு விடை தேடித்தான் இந்தப் பனியை இப்போது ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் துண்டு துண்டாக ஆராய்கிறார்கள்.