ஓடிபி சொல்லிவிட்டேன், மிஷின் வரவில்லை: பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) வசிக்கிறேன். எனக்கும் என் கணவருக்கும் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறிக்க ஆள் கிடைக்காததால், பேட்டரியில் ஓடும் கொழுந்து பறிக்கும் மிஷின் ஒன்றை ஆன்லைனில் 13,400 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் முழுவதையும் யுபிஐ மூலம் முன்பே கட்டிவிட்டேன். டெலிவரிக்கு வந்தவர் போனில் அழைத்து, ‘ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, மேலே வர முடியாது, ஓடிபி சொல்லுங்கள், ஜங்ஷன் பேக்கரியில் வைத்துவிட்டுப் போகிறேன்’ என்றார். சொன்னேன். மறுநாள் போய்க் கேட்டால், எதுவும் வரவில்லை என்கிறார் பேக்கரிக்காரர். ஆப்பில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டுகிறது. வாங்கிய ஆன்லைன் தளம் கூரியரைக் கேளுங்கள் என்கிறது, கூரியர் விற்றவரைக் கேளுங்கள் என்கிறது, விற்றவர் அனுப்பியதற்கு ரசீது இருக்கிறது என்கிறார். ஓடிபி சொன்னது என் தப்பு, இனி பணம் வராது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தோட்டத்துக்கு வாங்கிய மிஷின் என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாதாமே?

பதில்: முதலில் உங்கள் மூன்று கவலைகளுக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். காணாமற்போன மிஷினுக்கு உங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதை விற்றவரும், அந்த விற்பனையை நடத்தி உங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்ட தளமும்தான். கூரியரைத் தேடிப் பிடித்து நட்டத்தை வசூலிக்கும் வேலை அவர்களுடையதே தவிர உங்களுடையது அன்று. ஓடிபி சொன்னது உங்கள் வழக்கைச் சற்றுப் பலவீனப்படுத்தியிருக்கிறது, ஆனால் முடித்துவிடவில்லை. தோட்டத்து மிஷின் என்ற ஒரே காரணத்துக்காக உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உங்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

கூரியர் நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை; அதனிடம் நீங்கள் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை; மிஷினை ஏற்றி வர அதற்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இருக்கும் ஒரே ஒப்பந்தம் விற்றவரோடும் தளத்தோடும் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தமும் மிஷினை ஏதோ ஒரு வண்டியில் ஏற்றிவிடுவதற்கானது அன்று, ஆர்டரில் நீங்கள் எழுதிய வீட்டு முகவரியில் கொண்டுவந்து சேர்ப்பதற்கானது. சேர்க்காதது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் புகாரிலும் அதே சொல் இருக்கட்டும்.

‘அனுப்பியதற்கு ரசீது இருக்கிறது’ என்று விற்றவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் நிற்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பவர் சரக்கை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே, முதற்பார்வைக்கு, அது வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் மூட்டைகள் ஏறி வந்த காலத்தில், வாங்குபவரும் விற்பவரும் இருவருமே வியாபாரிகளாக இருந்த நிலையில், அது நியாயமான விதியாக இருந்திருக்கலாம். ஆனால் ‘முதற்பார்வைக்கு’ என்ற சொல்லை விற்பவர்கள் விட்டுவிட்டே பேசுகிறார்கள். வீட்டில் சேர்ப்பதாக ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் இருக்கும்போது அந்த அனுமானம் நிற்காது. அதே சட்டம், எடுத்துச் செல்பவரோடு நியாயமான ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் பொறுப்பையும் விற்பவர் தலையில்தான் வைக்கிறது. 2020 ஜூலையில் மின்வணிக விதிகளைக் கொண்டுவந்தபோது, ‘வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை நட்டம் விற்றவருடையது’ என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தால் இந்த நாட்டில் எத்தனையோ பேருடைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரியை எழுதாமல் விட்டதற்கு என்னால் எந்த நல்ல காரணத்தையும் காண முடியவில்லை.

‘நாங்கள் வெறும் சந்தை, கடைக்காரர் வேறு ஒருவர்’ என்று தளம் சொல்லும். பணத்தைத் தானே வாங்கி, கூரியரைத் தானே ஏற்பாடு செய்து, ஓடிபியைத் தானே அனுப்பும் நிறுவனம் இப்படிச் சொல்வதை நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை ஏற்க மறுத்திருக்கின்றன. ஆகவே புகார் என்று வந்தால் விற்றவர், தளம், கூரியர் ஆகிய மூவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். கூரியரை மட்டும் காட்டினால், உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்று அது முதல் நாளிலேயே நழுவிவிடும்.

ஓடிபிக்கு வருவோம். அந்த எண், பொருள் உங்கள் கையில் கிடைத்த பிறகு கொடுக்க வேண்டிய ரசீதுக்குச் சமம். பொருளைப் பார்க்காமல் அதைச் சொல்வது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு ஒப்பானது. ஆனாலும் உங்களை அழைத்தவர் யாருடைய ஆள் என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அவர் விற்றவரின் சார்பில், தளத்தின் ஏற்பாட்டின்படி வந்தவர். தம் வேலையின் போக்கில் ஒரு முகவர் சொல்லும் பொய்க்கும் செய்யும் ஏமாற்றுக்கும் அவரை அமர்த்தியவர் கட்டுப்பட்டவர் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. பேக்கரியில் வைப்பதாகச் சொல்லி எண்ணை வாங்கியவர் அங்கே வைக்கவில்லை என்றால், அந்த ஏமாற்று உங்கள் கணக்கில் சேராது. எனவே அவர் அழைத்த எண்ணும் நேரமும் உங்கள் போனில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து வையுங்கள். பழைய அழைப்புகள் போனிலிருந்து தானாக அழிந்துபோகக் கூடியவை. ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்பதற்கு என்ன ஆதாரம், எந்த இடத்தில், யார் கையில், எடுத்த புகைப்படம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததாகச் சொல்பவர்தான் கொடுத்ததைக் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பேக்கரியில் வைக்கச் சொல்லி ஆர்டரிலேயே நீங்கள் எழுதிக் கொடுத்து, டெலிவரிக்கு வந்தவரும் அங்கே வைத்து, அதன்பிறகு காணாமற்போயிருந்தால், பேக்கரிக்காரர் உங்கள் ஆளாகிவிடுவார், நட்டமும் உங்களுடையதாகிவிடும். உங்கள் விஷயத்தில் யோசனை டெலிவரிக்கு வந்தவருடையது, பொருளும் அங்கே போய்ச் சேரவில்லை.

நம் மலையில் இது ஒரு தனி வியாதியாகவே பரவியிருக்கிறது. குந்தா, மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி, பந்தலூர் என்று எந்தப் பக்கம் போனாலும், நாலைந்து ஊர்ப் பார்சல்களை ஒரே கடையில் இறக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் போனில் அழைத்து ஓடிபி வாங்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. கடைக்காரர் பார்சலுக்கு இருபது, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்து வைப்பார். பலர் இதை உதவி என்றே நினைக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குச் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். மறுபடியும் ஒரு கடைக்காரருக்கு எதற்காகக் கட்ட வேண்டும்? பெட்டி பிரிந்திருந்தாலோ, உள்ளே பொருள் மாறியிருந்தாலோ, அந்தக் கடைக்காரர் எதற்கும் பொறுப்பேற்க மாட்டார். மழையில் மரம் விழுவதும், பர்லியாறு பக்கம் மண் சரிவதும் நமக்குப் புதிதல்ல. அதற்காகத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம், மின்வணிக விதிகளும் அத்தகைய தாமதத்தை மன்னிக்கின்றன. தாமதம் வேறு, காணாமற்போவது வேறு. ரோடு சரியான பிறகு கொண்டுவாருங்கள், பொருளைப் பார்த்த பிறகு எண் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் ‘கஸ்டமர் வீட்டில் இல்லை’ என்று பொய்யாகப் பதிந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று கேட்கிறார்கள். திருப்பி அனுப்பட்டும், திரும்பிப் போன பொருளுக்குப் பணம் வாங்குவது, காணாமற்போன பொருளுக்கு வாங்குவதைவிடப் பல மடங்கு எளிது.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. ஆப்பில் மனிதர்களோடு பேசவே வழியில்லாமல், இயந்திரம் அனுப்பும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் படித்துச் சலித்தவர்கள், இணையத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுகிறார்கள். அங்கே முதலில் கண்ணில் படும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். ‘ரீஃபண்ட் போடுகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் பின் நம்பர் தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அப்படி ஏதும் நடந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இனி, தோட்டத்து மிஷின் என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிறு விவசாயிகள் பலர் இந்த ஒரு தவறான பேச்சை நம்பியே வழக்குப் போடாமல் இருந்துவிடுகிறார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதற்கு அடுத்தாற்போலவே, சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கமும் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. வழக்குகூட நம் பக்கத்துக் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிறுவனத்தின் மீது லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்ததுதான். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். வாங்கி முழுக்க வேறொருவரை வைத்தே ஓட்டுபவர் நுகர்வோர் அல்லர். தானே வேலை செய்யும்போது உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்பது அதன் சாரம்.

உங்களுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒன்றேகால் ஏக்கரில் நீங்களும் கணவரும் கொழுந்து பறித்து ஃபாக்டரிக்குப் போட்டு, அதில் வரும் பச்சைத் தேயிலைப் பணத்தில் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால், நீங்கள் நுகர்வோர்தான். செடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தில் கூலிக்கு இரண்டு பேரை அழைத்தாலும் நுகர்வோர்தான். பக்கத்துத் தோட்டத்தில் நீங்களே மிஷினைக் கொண்டுபோய்ப் பறித்துக் கொடுத்துக் கூலி வாங்கினாலும் அது உங்கள் கையுழைப்பு. ஆனால் மிஷினை வாங்கி, நாள் வாடகைக்கு மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் சிக்கல் வரும். ஐம்பது ஏக்கர் எஸ்டேட் தன் தொழிலாளர்களுக்காக வாங்கினாலும் அப்படியே. இதனால்தான் ஒன்று சொல்கிறேன்: ‘நானும் என் கணவரும் எங்கள் சொந்த நிலத்தில் நாங்களே பயன்படுத்திப் பிழைப்பதற்காக வாங்கியது’ என்ற வாக்கியம் உங்கள் புகாரில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபணையே இதுவாகத்தான் இருக்கும்.

தபாலில் வந்த பொருள் என்றால் என்ன செய்வது என்று கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் விற்றவர்தான் உங்களுக்குப் பொறுப்பு. அஞ்சல் துறையிடம் பெரிய தொகையை எதிர்பார்க்க முடியாது. 1898-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அதற்கு அளித்திருந்த பாதுகாப்பைப் புதிய அஞ்சலகச் சட்டமும் தொடர்கிறது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது, கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் அனுப்பியவருக்குச் சேர வேண்டியது. விற்றவர் போதிய இன்ஷூரன்ஸ் இல்லாமல் அனுப்பினால், அந்தத் துணிச்சலின் விலையையும் அவரே கொடுக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியவை. ஆப்பில் புகார் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் காட்ட வேண்டியது கட்டாயம். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். அதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அங்கே உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, ஆனால் பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அது பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும் வாங்கி வைத்தால், டெலிவரிக்கு வந்தவர் ஏமாற்றினார் என்பதற்கு அன்றே எழுதிய ஒரு சான்று உங்கள் கையில் இருக்கும்.

மாதம் ஒன்று கடந்தும் பணம் வராவிட்டால் ஆணையம்தான். நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு உதகை, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ‘கோர்ட் பீஸ்’ என்று சொல்லி இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத ஒரு நோட்டீஸை அடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள் பிரவுசிங் சென்டர்களைச் சுற்றி அதிகமாகிவிட்டார்கள். நுகர்வோர் புகார்களைப் பதியும் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிய உதவுபவருக்கு, பிரதி எடுத்த காசையும் அவர் நேரத்துக்கான சிறு கூலியையும் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள சொல். தலைவர், உறுப்பினர் பதவிகளைக் காலியாகவே போட்டு வைத்திருந்ததற்காக உச்ச நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்த ஓர் அமைப்பு இது. அதனால் மூன்று மாதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கொழுந்தை விட்டுவிட்டு நீங்கள் உதகைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு மனுவோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. மிஷினின் விலையோடு, பணம் கட்டிய நாளிலிருந்து வட்டியும், அலைச்சலுக்கு இழப்பீடும், வழக்குச் செலவும் கேளுங்கள்.

மின்னஞ்சலை இன்று இரவே அனுப்பிவிடுங்கள். ஆர்டர் எண், கட்டிய தொகை, அழைப்பு வந்த எண்ணும் நேரமும், அவர் பேக்கரியில் வைப்பதாகச் சொன்னது, பேக்கரியில் இல்லை என்பது, சொந்த உழைப்புக்கு வாங்கியது என்ற அந்த ஒரு வாக்கியம், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். தமிழிலேயே எழுதலாம். எண்ணைச் சொன்னதை மறைக்காதீர்கள். எந்தச் சூழ்நிலையில், யார் கேட்டுச் சொன்னீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.